செஞ்சி என்று எழுதிய குழாய்

நாய்களுக்கு ரத்தம் ஒழுங்காக உறையுமா, உறையாதா என்று பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "நாய்க்கெல்லாமா டெஸ்ட்?" என்பார்கள். சொந்தக்காரர்களிடம் விளக்கி விளக்கி அலுத்துப்போய், கடைசியில் "லேப்ல வேலை" என்று சுருக்கிக்கொண்டேன். லேப் என்றால் சர்க்கரை பார்க்கிற இடம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, கல்யாண வீடுகளில் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் தங்கள் சர்க்கரை அளவைச் சொல்வார்கள். கேட்டுக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

விஷயம் இவ்வளவுதான். ரத்தம் உறைய உடம்பில் சில புரதங்கள் வேண்டும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒன்று குறைவாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும், குரைக்கும், குட்டி போடும். ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்துக் கத்தி வைத்த பிறகுதான் தெரியும், ரத்தம் நிற்காது. அதனால் கத்தி வைப்பதற்கு முன்பே அந்தப் புரதத்தை அளந்துவிட வேண்டும். அளக்க ஆன்டிபாடி வேண்டும். மனிதர்களுக்கென்று செய்த ஆன்டிபாடி நாயின் புரதத்தை அரைகுறையாகத்தான் பிடிக்கும். நாய்க்கென்று தனியாகச் செய்தாக வேண்டும். செய்வது நாங்கள் இல்லை, முயல்கள்.

நாய் ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து முயலுக்கு ஊசி போடுவோம். யாரோ வேற்றாள் நுழைந்துவிட்டான் என்று முயலின் உடம்பு, அவனைப் பிடித்து நிறுத்த ஆன்டிபாடியைத் தயாரிக்கும். சில வாரம் கழித்து முயலின் காது நரம்பில் குத்தி ரத்தம் எடுப்போம். அதிலிருந்து பிரித்த ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் பூசிவைத்து, மேலே நாயின் ரத்தநீரை விட்டு, வரிசையாக இன்னும் சில மருந்துகளை விட்டால் குழி மஞ்சளாகும். அடர்ந்த மஞ்சள் என்றால் புரதம் நிறைய இருக்கிறது. வெளுத்துப் போனால் இல்லை.

முயல் சமாச்சாரத்தை மட்டும் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், நான் சொன்னதே இல்லை.

நாங்கள் ஜைனர்கள். வடக்கிலிருந்து வந்து கடை வைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செஞ்சியைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் போட்டுப் பிழைக்கிற தமிழ் ஜைனர்கள். நைனா மல்லாட்டை வியாபாரம் செய்தவர். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். துணியில் தங்கியதைக் கிணற்றிலேயே உதறிவிடுவார், அதில் எந்த உயிரும் காய்ந்து சாகக் கூடாது என்று. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, இருட்டில் எது தட்டில் விழுந்தது என்று தெரியாமல் மென்றுவிடக் கூடாது. உட்காரும் முன் எறும்பு இருக்கிறதா என்று தரையைத் துண்டால் தட்டிவிடுகிற மனுஷனிடம் போய், செவ்வாய்க்கிழமை தோறும் நான் முயல் காதைக் குத்துகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "நாய்ங்களுக்கு வைத்தியம் மாதிரி, நைனா" என்று மென்று முழுங்கிவிட்டேன். அவரும் அதைப் புண்ணியமான வேலை என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணம் ஆனது. மூன்று வருஷத்தில் இல்லாமலும் ஆனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் லேபுக்குப் பக்கத்திலேயே மொட்டைமாடியை ஒட்டி ஓர் அறையில் இருக்கிறேன். அம்மா போன பிறகு நைனா செஞ்சி வீட்டில் ஒண்டியாக இருந்தார். சென்னைக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு, அவர் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு, போன் செய்வேன்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"இதோ உக்காரப் போறன்."

அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வராது. அவர் பக்கம் திருவண்ணாமலை பஸ் ஹார்ன் அடித்துப் போவது கேட்கும். என் பக்கம் குளிர்பெட்டியின் இரைச்சல் அவருக்குக் கேட்டிருக்கும். பேசத் தெரிந்தவள் அம்மாதான் என்பது அவள் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிமா, வெக்கறன்" என்பார். தனிமை என்றால் யாரும் இல்லாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். போனில் ஒருவர் இருக்கும்போதே அது இருந்தது.

அப்போதுதான் செஞ்சி வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. பழுப்பு நிறம், பல ஈற்று குட்டி போட்டு வயிறு தொங்கிப்போனது. "நாய் வளக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க வளக்கறன்? அது வந்துது, இருக்குது."

பேர்கூட வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து போனில் பேச்சு வந்தது. இன்றைக்கு அது பூனையைத் துரத்திக்கொண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. இன்றைக்கு அது மலையிலிருந்து இறங்கிய குரங்கைப் பார்த்து, குரைக்காமல், பெரிய மனுஷி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தயிர்சோறு வைத்தால் சோற்றை விட்டுவிட்டுத் தயிரை மட்டும் நக்குகிறது. "அதுவும் பொழுதோட சாப்டுடுதுமா, விளக்கு வெச்சப்புறம் தட்டாண்ட போறதில்ல" என்று அவர் ஒரு நாள் பெருமையோடு சொன்னபோது, நாயையும் ஜைனராக்கிவிட்டீர்களா என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். என் அப்பா சிரித்துக் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது. பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று பேசினோம். எல்லாம் நாயைப் பற்றித்தான். அது ஒன்றும் குறையில்லை.

ஒரு கோடையில், "அதுக்கு வயித்துல, பால்காம்பாண்ட எலுமிச்சங்கா கணக்கா ஒண்ணு உருளுதுமா" என்றார். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிப்போய், நாயை ஆட்டோவில் தூக்கிப்போட்டு, திண்டிவனம் ரோட்டில் தனியாக கிளினிக் வைத்திருந்த ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினோம். சின்ன வயசு, அவசரப்படாத கை. தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கட்டிதான். இப்ப சின்னதா இருக்கு, எடுத்துட்டா இன்னும் ரெண்டு மூணு வருஷம் நல்லா இருக்கும். விட்டீங்கன்னா சீக்கிரம் உடையும். உடைஞ்சா அப்புறம் என் கையில இல்ல."

எடுத்துவிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நைனா வாயைத் திறந்தார். போன வருஷம் வேறொரு நாய் கடித்து இதன் காது கிழிந்தபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை, சுவரெல்லாம் தெறித்தது என்றார். பொய் பேசத் தெரியாத மனுஷன், டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்துச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"ரெண்டு நாளா? அப்ப டெஸ்ட் பண்ணாம நான் தொட மாட்டேன்மா. என்கிட்ட வேற ரத்தம் ஏத்துற வசதி இல்ல. டேபிள்லயே போயிடும்." பிறகு என்னைப் பார்த்து, "உங்க அப்பா சொன்னாரே, நீங்க இந்த வேலைதானே பாக்கறீங்க? நீங்களே பாத்துட்டு வாங்க. நார்மல்னா அடுத்த வாரமே எடுத்துடலாம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷம் என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடியாமல் இருந்தவளுக்கு, முதல்முறையாக என் வீட்டுக்கு என் வேலை உதவப்போகிறது. ரத்தத்தையும் நானே எடுத்துவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீல மூடிக் குழாய்கள், நான்கு புது ஊசிகள், ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். ஆனால் ரத்தம் அந்த மருந்தில் கலக்கும் வரை அதற்குக் காவல் கிடையாது. ஊசி நரம்பில் சரியாக இறங்கி, நாலு எண்ணுவதற்குள் ரத்தம் சரசரவென்று வந்து, உடனே குழாயில் போய்விட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஊசிக்குள்ளேயே உறைய ஆரம்பிக்கும். உறைந்தால் நாங்கள் அளக்கிற புரதங்களும் அதோடு செலவாகிவிடும், பிறகு என்ன டெஸ்ட் செய்தாலும் குறைவாகத்தான் காட்டும். இது எங்கள் வேலையின் அரிச்சுவடி. ஊர் ஊராக டாக்டர்களுக்கு இதைப் போனில் பாடம் எடுத்தவள் நான்.

பின்கட்டில் நாயைப் படுக்கவைத்தோம். பிடிக்க வேறு ஆளில்லை, நைனாதான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முன்னங்காலில் முடியை வழித்து, ஊசியை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, எங்கள் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஊசி இறங்கியதும் நாய் ஒரே ஒரு தடவை கத்தியது. கத்தியதில் கால் இழுத்தது, நரம்பு நழுவியது. ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது.

உருவிவிட்டு, புது ஊசி எடுத்து, அடுத்த காலில் குத்தியிருக்க வேண்டும். பையில் மூன்று ஊசி இருந்தது. கையை எடுக்கப் போனேன். அப்போது நைனாவின் முகத்தைப் பார்த்தேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் தாடைக்கு வந்திருந்தது. இந்த மனுஷன் முன்னால் இன்னொரு தடவை குத்த என்னால் முடியவில்லை. இன்னொரு தடவை சாதாரணமாகக் குத்தினால், எவ்வளவு பழகின கை என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு குத்திலேயே காலைத் திருப்பித் திருப்பி, அழுத்தி, எப்படியோ வேண்டிய அளவைக் கறந்தேன்.

"ஆச்சாமா?"

"ஆச்சு நைனா."

அவர் கண்ணைத் திறந்து நாயின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

குழாயைச் சுழற்றி ரத்தநீரைப் பிரிக்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாய் ரத்தமா? மனுஷங்களுக்கு வெக்கிற மிஷின்ல இன்னாத்துக்குக்கா நாய வெக்கிறீங்க?" என்றாள். நானே துடைத்துத் தருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி வைத்தேன். சுழற்றி எடுத்துத் தெளிந்த நீரைக் குழல்முனையால் உறிஞ்சும்போது, முனையில் வழவழவென்று ஒரு சின்ன நூல் ஒட்டிக்கொண்டு வந்தது. உறைந்த ரத்தத்தின் நூல். வேறு எந்த டாக்டர் இப்படி அனுப்பியிருந்தாலும், 'கட்டிதட்டியது, மறுபடி எடுத்து அனுப்பவும்' என்று எழுதித் திருப்பியிருப்பேன். கூடவே நாலு வார்த்தை திட்டியும் இருப்பேன். வெளியே சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. திரும்ப வீட்டுக்குப் போய், "நைனா, இன்னொரு தடவை பிடிங்க" என்று சொல்ல வேண்டும். சின்ன நூல்தானே என்று டிஷ்யூவில் துடைத்துப் போட்டுவிட்டேன். மிச்சத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் நாய்க்குப் பெயர் இல்லாததால் 'செஞ்சி' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை தட்டு போட்டேன். மற்ற நாய்களின் குழிகள் மஞ்சளாகிக்கொண்டே போயின. செஞ்சியின் குழி வெளுத்துக் கிடந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் வெளுப்பு. டெஸ்ட்டை இரண்டு தடவை சரிபார்த்தேனே தவிர, குழாயை நான் சந்தேகப்படவே இல்லை. காது இரண்டு நாள் ரத்தம் விட்டது, இதோ புரதமும் குறைவு, எல்லாம் பொருந்திப் போயிற்று. டிஷ்யூவில் துடைத்த நூலை மனசு வசதியாக மறந்துவிட்டது. அன்று ஐந்தரைக்கு நைனாவிடம் சொன்னேன்.

"சரிமா" என்றார்.

டாக்டரம்மா, இந்த அளவில் கத்தி வைக்க முடியாது என்றுவிட்டார். சென்னையில் பெரிய இடத்துக்குக் கொண்டுபோனால், வேறு நாயின் ரத்தநீரை ஏற்றிக்கொண்டே செய்வார்கள் என்றார். நான் தயாராக இருந்தேன், விசாரித்தும் வைத்தேன். நைனா ஒப்பவில்லை.

"இன்னொண்ணக் குத்தி ரத்தம் எடுத்து இதுக்கு ஊத்தணுமா? அது இன்னா பாவம் பண்ணுச்சி? வாணாம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உங்கள் அகிம்சையில் இது சாகட்டும் என்கிறீர்களா என்று போனிலேயே கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "உனக்குப் பசி, போய்ச் சாப்டு" என்றார்.

ஐப்பசி மழையில் கட்டி உடைந்தது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டார், வலிக்கு ஊசி போட்டார். பேச்சு இப்போதும் நாயைப் பற்றித்தான். இன்றைக்கு எழுந்து தண்ணீர் குடித்தது, இன்றைக்கு எழவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவராக என்னைக் கூப்பிட்டதே இல்லை. எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

"போயிடுச்சிமா."

நான் உடனே கிளம்பவில்லை. அன்றைக்கு முயல்களுக்கு நாள் குறித்திருந்தது. பின்கட்டில் அவரே குழி வெட்டிப் புதைத்தார், அந்த வயசில், யாரையும் கூப்பிடாமல்.

அதற்குப் பிறகு எங்கள் போன் பழையபடி ஆனது. பழையதைவிட மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்டியா, சாப்டேன், சரிமா. முன்பாவது பேசத் தெரியாமல் இருந்தோம்; இப்போது பேசிப் பழகிய பிறகு பேச ஒன்றும் இல்லாமல் இருந்தோம். வைத்த பிறகு அறையில் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு யாரும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன் ஒரு நாள். அசிங்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

லேபில் மட்டும் செஞ்சிக்கு மவுசு கூடியது. புரதம் குறைந்த நாயின் ரத்தம் கிடைப்பது லேசில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஓரமாக ஒரு குழியில் அப்படிப்பட்ட ரத்தத்தை வைப்போம். அது வெளுத்தால்தான் மற்ற குழிகளின் மஞ்சளை நம்பலாம். உறைபெட்டியில் இருந்த செஞ்சி குழாய்களை எங்கள் பிரிவுத் தலைவி பொக்கிஷம் மாதிரி பூட்டி வைத்தார். ஒரு துளி போதும் என்பதால் மாதக்கணக்கில் வந்தது. தினமும் தட்டின் ஓரத்தில் அந்த வெளுத்த குழியைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவேன்.

பொங்கல் கழிந்த சமயம் புதிதாக ஓர் ஆன்டிபாடி தேறியது. நாயின் ஃபைப்ரினோஜனைப் பிடிக்கிற ஆன்டிபாடி. ரத்தம் உறையும்போது வலையாகப் பின்னிக்கொள்வது அந்தப் புரதம்தான். எல்லா நாய்க்கும் தாராளமாக இருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க, கையில் கிடைத்த ரத்தநீரையெல்லாம் வைத்துத் தட்டு போட்டேன். செஞ்சியையும் வைத்தேன். எல்லாக் குழியும் மஞ்சள். செஞ்சி வெளுப்பு.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஃபைப்ரினோஜன் அடியோடு இல்லாத நாய் ஒரு ஈற்றைக்கூடத் தாண்டியிருக்காது. இது ரத்தநீரே இல்லை. உறைந்து முடிந்த ரத்தத்தின் மிச்சத் தண்ணீர். செஞ்சியின் ரத்தம் நன்றாகவே உறைந்திருக்கிறது, என் ஊசிக்குள்ளேயே. அதற்குக் குறை இருந்ததா இல்லையா என்பதை நான் போட்ட டெஸ்ட் சொல்லவே இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, பிறகு காது ஏன் இரண்டு நாள் ரத்தம் விட்டது என்று கேட்டேன். "காதுல அடிபட்டா நாய் தலைய உதறிக்கிட்டே இருக்கும்மா, நல்ல நாய்க்கே ரெண்டு நாள் நிக்காது. டெஸ்ட்டும் குறைவுன்னு வந்ததாலதான் நான் பயந்துட்டேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரிவுத் தலைவியிடம் சொன்னேன். அவர் செஞ்சி குழாய்களை எடுத்துக் கழிவுப் பையில் போட்டார்.

சனிக்கிழமை செஞ்சிக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து நைனா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, தலைகீழாகச் சொன்னேன். ரத்தம் உறைந்துபோனதைச் சொன்னேன். நூலைத் துடைத்துப் போட்டதைச் சொன்னேன். ஏன் இன்னொரு தடவை குத்தவில்லை என்று சொல்லப்போய், முயல்களும் வெளியே வந்துவிட்டன. எத்தனை வருஷமாக, எந்தக் கிழமை, காதில் எந்த இடம், எல்லாம்.

அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். வெட்டிய பாக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"வலிக்குமா அதுக்கு?"

"களிம்பு தடவிட்டுத்தான் எடுப்போம் நைனா. கொஞ்சம் வலிக்கும்."

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "இன்னொரு வாட்டி குத்தியிருக்கலாமேமா. நான் கண்ண மூடிக்கினுதான இருந்தேன்."

நான் அழுதேன். நாற்பத்தேழு வயசில், மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி. அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த செவ்வாய் ஐந்தரைக்கு, நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். "இன்னைக்கு உண்டா?" என்றார்.

என்ன கேட்கிறார் என்று புரிந்தது. இனிமேல் பொய் இல்லை என்று முடிவு செய்திருந்தேன். "உண்டு நைனா. ரெண்டு முயல்."

"சரிமா" என்று வைத்துவிட்டார். அதற்கு அடுத்த செவ்வாயும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது செவ்வாய் குரல் உள்ளே போயிருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"இன்னைக்கு இல்லமா. நீ குத்துற நாளு நான் சாப்டறதில்ல."

"முழு நாளா? பிரஷர் மாத்திரை வெறும் வயித்துலயா? எழுபத்தெட்டு வயசு ஆவுது, இது என்ன நைனா பிடிவாதம்? எனக்குத் தண்டனையா?"

"தண்டன இல்லமா. அதுங்களுக்காக யாராச்சும் ஒருத்தர் இருக்கணும் இல்ல? நீ உன் வேலயப் பாரு. நான் என் வேலயப் பாக்கறன்."

கோபமே இல்லாத குரல் அது, அதுதான் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் வேறு என்ன தெரியும் எனக்கு? நான் விட்டாலும் வேறொரு கை குத்தப்போகிறது.

போன செவ்வாய் வேலை தள்ளிப்போய்விட்டது. இரண்டாவது முயலை முடிக்கும்போதே ஐந்தரை. போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"இன்னைக்கு உண்டா?"

"இல்ல நைனா. முயல் வேலைய நிறுத்திட்டாங்க. இனிமே கெடயாது."

"மெய்யாவா?"

"மெய்யாதான். நீங்க உக்காந்து சாப்டுங்க."

அந்தப் பக்கம் தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. போனை வைக்காமலே சாப்பிட ஆரம்பித்தார். ரசத்தில் உப்பு கம்மி என்றார். பக்கத்து வீட்டில் புதிதாக மாடு வாங்கியிருக்கிறார்கள், ராத்திரியெல்லாம் கத்துகிறது, கன்றைப் பிரிந்து வந்திருக்கும் போல, பாவம் என்றார். அதற்குத் தவிடு கொண்டுபோய் வைத்ததைச் சொன்னார். கை நக்கியதைச் சொன்னார். நாய் போன பிறகு அவர் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் உம் கொட்டிக்கொண்டே, முயலின் காதில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.